காயாவோவில் கப்பல் நிற்கும்போது மாச்சு பிச்சு போய் வர முடியுமா? நீலகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து போய், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளோடு தென் அமெரிக்கக் கப்பல் சுற்றுலா போகிறவர்களுக்காக எழுதியது. பெரு நாட்டின் காயாவோ துறைமுகத்தில் கப்பல் ஒன்றிரண்டு நாள் நிற்கும். தலைநகர் லிமாவுக்கு அதுதான் கடல்வாசல். அங்கே இறங்கி, மலைமேல் இருக்கும் இன்கா நகரமான மாச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு மறுபடி கப்பல் ஏற முடியுமா என்பதே பெரும்பாலான கேள்விகளின் சாரம். மீதியெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

கப்பல் காலையில் வந்து இரவு கிளம்புகிறது. ஒரே நாளில் போய் வரலாமா?

முடியாது. கணக்கைப் பாருங்கள். லிமாவிலிருந்து குஸ்கோ நகருக்கு விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம். குஸ்கோவிலிருந்து ஒயான்தைதாம்போ என்ற ஊருக்கு வேனில் இரண்டு மணி. அங்கிருந்து ஆற்றோரமாக ரயிலில் ஒன்றரை மணிக்கு மேல். ரயில் நிற்கும் ஆக்வாஸ் காலியென்டெஸ் ஊரிலிருந்து மலையேறும் பஸ்ஸில் அரை மணி. விமான நிலையத்தில் காத்திருப்பது, ரயிலுக்கு முன்னால் போய் நிற்பது, பஸ் வரிசை எல்லாம் சேர்ந்தால் ஒரு வழிக்கே பத்து மணி நேரம் போய்விடும்.

அப்படியானால் எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு, மூன்று பகல். காயாவோவில் இறங்கி, அடுத்த துறைமுகமான சான் மார்ட்டினில் (பிஸ்கோ ஊருக்குப் பக்கம்) கப்பலைப் பிடிப்பது பலர் செய்யும் வழி. லிமாவிலிருந்து பிஸ்கோவுக்குச் சாலையில் சுமார் நான்கு மணி நேரம்.

முதல் நாள்: கப்பல் காலை ஆறு ஏழு மணிக்குக் கரை சேர்ந்தாலும், குடியேற்றச் சோதனை முடிந்து ஆளை வெளியே விட எட்டு ஒன்பது ஆகும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். வாசல்வரை அவர்கள் பஸ்ஸில்தான் வர வேண்டும். விமான நிலையம் கிட்டத்தில்தான், ஆனால் காயாவோ போக்குவரத்தை நம்பாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பதினொரு மணிக்கு முன்னால் விமானம் போடாதீர்கள். குஸ்கோவில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் நேரே ஒயான்தைதாம்போவுக்கு வேன் பிடியுங்கள். ஏன் என்பதற்குப் பதில் கீழே உயரம் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: விடிகாலை ரயில், ஒன்பது பத்து மணிக்கு நுழைவு, மதியம் இறக்கம், மாலை ரயிலில் திரும்பல். மூன்றாம் நாள்: குஸ்கோவிலிருந்து காலை விமானம். மதிய விமானம் வேண்டாம். மலைச் சந்தில் இருக்கும் அந்த விமான நிலையத்தில் பிற்பகல் காற்றும் மேகமும் தாமதத்தைக் கொண்டுவரும்.

கப்பல் காயாவோவில் ஒரே ஓர் இரவுதான் நிற்கிறது, அடுத்த நிறுத்தம் வேறு நாடு என்றால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கப்பல்காரர்களே சுற்றுலா விற்கிறார்கள், விலை அதிகமாக இருக்கிறதே. நாமே ஏற்பாடு செய்தால் என்ன?

பாதி செலவில் முடிக்கலாம். ஆனால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் உங்களைக் கப்பலில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த நாட்டுக்கு விமானம் பிடித்துப் போய் ஏற வேண்டியது உங்கள் செலவு. தனியாகப் போவதென்றால் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே கடற்கரை மட்டத்துக்கு வந்துவிடுங்கள். அது முடியாத கால அட்டவணை என்றால் கப்பல்காரர்களின் சுற்றுலாவையே வாங்குங்கள். விலை உறுத்தத்தான் செய்யும், ஆனால் அதில் பாதி காப்பீடு என்று நினைத்துக்கொள்ளலாம்.

எப்படிப் போனாலும், எந்தத் துறைமுகத்தில் இறங்கி எங்கே ஏறுகிறீர்கள் என்பதைக் கப்பல் வரவேற்பு மேசையில் சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் ஊட்டியிலேயே இருப்பவர்கள். மலை எங்களை என்ன செய்யும்?

மாச்சு பிச்சு ஒன்றும் செய்யாது. வழியில் இருக்கும் குஸ்கோதான் செய்யும்.

ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637. மாச்சு பிச்சு 2,430, அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில். ஆனால் விமானம் இறங்கும் குஸ்கோ ஏறக்குறைய 3,400 மீட்டர். தொட்டபெட்டா உச்சிமேல் இன்னும் முக்கால் கிலோமீட்டர் ஏறியது போல. நீங்கள் தூங்கப்போகும் ஒயான்தைதாம்போ 2,790 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிகூட 2,695தான். ஆகவே நம் ஊரில் யாரும் இந்த உயரங்களில் வாழ்ந்து பழகியதில்லை. குஸ்கோவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஊட்டியில் இருந்த பழக்கமும் கப்பலில் கரைந்துவிடும். கடல் மட்டத்தில் இருக்க இருக்க, மலைக்கு ஏற்ப வேகமாக மூச்சு வாங்கும் பழக்கம் சில நாளில் போகும். ரத்தத்தில் ஏறியிருந்த சிவப்பணுக்கள் சில வாரங்களில் இறங்கும். ஃப்ளோரிடாவில் ஏறிப் பனாமா கால்வாய் வழியாகக் காயாவோ வருவதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதற்கு முன் பிள்ளைகள் வீட்டில் ஒரு மாதம் இருந்திருப்பீர்கள். அதனால் குஸ்கோவில் இறங்கும்போது நீங்கள் பாதி சென்னைக்காரர். "நமக்கு மலை புதுசா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுபவர்தான் அன்று இரவு தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்.

அதற்காகத்தான் இந்த வரிசை: குஸ்கோவில் இறங்கியதும் கீழே ஒயான்தைதாம்போவுக்குப் போய்த் தூங்குவது, மறுநாள் அதைவிடத் தாழ்வான மாச்சு பிச்சு, குஸ்கோவைச் சுற்றிப் பார்ப்பதைக் கடைசிக்கு வைப்பது. முதல் இரவில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மது வேண்டாம், குளிருக்கு இதமாக வெந்நீர்க் குளியல் நெடுநேரம் போடாதீர்கள், தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாம் சகஜம். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர்போலத் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்டிக் கீழே இறக்க வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் "3,400 மீட்டர்" என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறேன்" என்றால் அவர் ஊட்டியைத்தான் நினைப்பார்.

மாத்திரை? கோகா தேநீர்?

அசெட்டசோலமைடு, கடைப்பெயர் டையாமாக்ஸ். பொதுவான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, மலையேறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது, எனவே மருத்துவரிடம் சீட்டு வாங்கியே சாப்பிடுங்கள். விரல் நுனி மரத்தது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும்; பயப்பட வேண்டாம். மூன்று மணி நேர ரயில், பஸ் கணக்கில் இந்த இரண்டாவதை மறக்காதீர்கள்.

கோகா (கொக்கேய்ன் எடுக்கும் செடி) இலைத் தேநீரை ஓட்டல் வாசலிலேயே வைத்திருப்பார்கள். பெருவில் சட்டப்படி சரி. குடிக்கலாம், ஆனால் ஒரு பொட்டலம்கூடப் பையில் போட்டுக் கப்பலுக்கோ அமெரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ கொண்டுவரக் கூடாது. வேலையில் போதைப்பொருள் சோதனை இருக்கும் பிள்ளைகள் குடிக்கவே வேண்டாம், சோதனையில் காட்டும்.

எந்த மாதம் நல்லது?

மாச்சு பிச்சுவுக்கு நல்லது மே முதல் செப்டம்பர் வரை. தென் அமெரிக்கக் கப்பல்கள் அதிகம் ஓடுவதோ நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது அங்கே மழைக்காலத்தில். இந்த இரண்டும் ஒத்துப்போகாது. ஜனவரி, பிப்ரவரிதான் கனமழை. மேட்டுப்பாளையம் மலை ரயில் மழையில் மண் சரிந்து நின்றுபோவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு, நடுவில் ஒற்றைத் தண்டவாளம். 2010 ஜனவரி வெள்ளத்தில் பாதை அறுந்து ஆயிரக்கணக்கான பயணிகள் ஆக்வாஸ் காலியென்டெஸில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் தூக்க வேண்டி வந்தது. அரசியல் மறியலாலும் நிற்கும்: 2023 ஜனவரியில் தளத்தையே மூடினார்கள். மழைக்காலத்தில் போகிறவர்கள் கப்பல் சுற்றுலாவையே எடுப்பதற்கு இன்னொரு காரணம் இது.

மழைக்காலத்திலும் காலை பத்து மணிக்கு மேல் மேகம் விலகிப் பச்சை மலைகள் தெரியும் நாட்கள் உண்டு. ஆறு மணி நுழைவு எடுத்தவர்களுக்குப் பல நாள் வெள்ளைத் திரைதான். குன்னூர் லாம்ஸ் ராக் காட்சிமுனையில் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு இது புரியும்.

நுழைவுச் சீட்டு எப்படி வாங்குவது? பெயரில் இனிஷியல் பிரச்சினை வருமா?

பெரு அரசின் இணையதளத்தில், பயணத் தேதி உறுதியானவுடன். நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு; சாதாரண நாளில் 4,500. ஆக்வாஸ் காலியென்டெஸில் நேரில் விற்கும் சீட்டும் இருக்கிறது, ஆனால் அதற்காக ஒரு நாள் வரிசையில் நிற்கக் கப்பல் பயணிக்கு நேரம் கிடையாது. வெளிநாட்டுப் பெரியவருக்கு 152 சோல் (பெரு நாணயம்). ஒரு சோல் 25 ரூபாய்க்கு முன்பின்.

சீட்டில் தடம் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. ஒன்றாம் தடம் மேலேயுள்ள மாடிப்படி வயல்களோடு சரி: படங்களில் பார்க்கும் காட்சி கிடைக்கும், ஊருக்குள் போக முடியாது. இரண்டாம் தடம் காட்சியும் கிடைத்து ஊருக்குள்ளும் போகும், இரண்டு இரண்டரை மணி நேர நடை. மூன்றாம் தடம் கீழ்ப்பகுதி மட்டும், ஏற்றம் குறைவு. முழங்கால் ஒத்துழைத்தால் இரண்டு, இல்லையென்றால் மூன்று. சீட்டுகளில் இரண்டுதான் முதலில் தீரும்.

பெயர் விஷயம் நம் ஆட்களுக்கு உண்மையிலேயே தலைவலி. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் 'கிவன் நேம்' வரியில் இருக்கும். அங்குள்ள படிவங்களோ குடும்பப்பெயர் இல்லாமல் நகராது. விமானச் சீட்டில் அந்த இடத்தில் என்ன ஏறியிருக்கிறதோ அதையே ரயில், பஸ், நுழைவு மூன்றிலும் ஒரே மாதிரி போடுங்கள். ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் இனிஷியல் என்று கலக்காதீர்கள். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு பேர் சரிபாருங்கள். சீட்டு வாங்கிய பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் கையில் எடுத்துப் போங்கள்.

மலைவாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், நகல் செல்லாது. சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. இறங்குவதற்கு முந்தைய மாலையே வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கிவிடுங்கள். காலையில் நூறு பேர் வரிசையில் நின்று கேட்கும் வேலை இல்லை அது.

விசா, தடுப்பூசி?

இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா இருந்து, அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுமானால் பெரு விசா தேவையில்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போன அமெரிக்க விசாவே இங்கே உதவும், தேதியை மட்டும் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மாச்சு பிச்சுவுக்காகத் தேவையில்லை. ஊர் திரும்புவதற்காகத் தேவைப்படலாம். பெரு இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். கப்பல் பிரேசில், கொலம்பியா, ஈக்வடார் என்று தொட்டுப்போனாலும் இதே கதைதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தபிறகே சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சாதாரண மருத்துவமனையில் கிடைக்காது, சென்னை கிண்டி கிங் ஆய்வகம் போன்ற அங்கீகரித்த இடங்களில்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் மருத்துவரைக் கேட்ட பிறகே போட வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் சமாளிப்பார்களா?

படிகள் கருங்கல், ஒன்று ஒரு சாண், அடுத்தது முழங்கால் உயரம். கைப்பிடி பெரும்பாலும் இல்லை. மழையில் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். ஊன்றுகோல் அனுமதி உண்டு, நுனியில் ரப்பர் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் முழுத் தளத்தையும் பார்க்க வழியில்லை.

கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும். உள்ளே போனால் ஒருவழிப் பாதை, பின்னால் திரும்பி வரவும் வெளியே போய் மறுபடி நுழையவும் விடமாட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் முதல் வேலை அதுதான்.

பஸ் பாதை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: பதிமூன்று கொண்டை ஊசி. குன்னூர் மலைப்பாதையைவிட ஒன்று குறைவு.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

பள்ளிப் பை அளவுக்கு மேல் கூடாது; 40, 35, 20 சென்டிமீட்டர்தான் தளத்தின் வரம்பு. ரயிலிலும் பெரிய பெட்டி ஏற்ற மாட்டார்கள். பெரிய பெட்டி கப்பலிலேயே இருக்கட்டும். நீலகிரி ஸ்வெட்டர் ஒன்று, மேலே ஜெர்கின், மழைக்கோட்டு. குடை உள்ளே தடை. தொப்பி, முழுக்கால் சட்டை, பூச்சிக்கடிக் களிம்பு: அங்கே கொசுவைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி உண்டு, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, நம் மாவட்டத்தில் பழகியதுதானே.

உள்ளே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் கோயிலையும் சூரியக் கல்லையும் பார்ப்பார்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் காரட் போட்டவர்கள் மாடிப்படி வயல்களைப் பாருங்கள். 1450 வாக்கில் பச்சகூத்தி என்ற இன்கா அரசர் காலத்தில் கட்டிய ஊர் இது. செங்குத்தான மலை முகடு, ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் சரியாமல் நிற்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும் சுவரைவிட அதற்கு உள்ளே இருப்பது. ஒவ்வொரு வயலிலும் அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சல்லி, அதன்மேல் மணல் கலந்த மண், மேலே கொண்டுவந்து கொட்டிய வளமண். மழை நீர் மண்ணில் தேங்காமல் கீழே வடிந்து கல்லிடுக்கு வழியாக வெளியேறும். சுவரும் நேராக நிற்காமல் மலைப்பக்கம் சாய்ந்திருக்கும். 2009 நவம்பரில் நம் சரிவுகளில் மண் ஏன் இறங்கியது என்று யோசித்தவர்கள் ஒரு சுவரின் அடியில் நின்று நீர் வடியும் வாயைத் தேடிப் பார்க்கலாம். ஊர் முழுக்க நூற்றுக்கு மேல் உண்டு.

குடிநீருக்கு மலைச் சுனையிலிருந்து 749 மீட்டர் நீளக் கல்வாய்க்கால், அதிலிருந்து படிப்படியாக இறங்கும் பதினாறு நீரூற்றுத் தொட்டிகள். சில தொட்டிகளில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

வரும் வழியில் குஸ்கோவைச் சுற்றி நம் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காடுகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது போலவே அங்கேயும் போனது. எதிர்த்திசையில் வந்தது மலேரியா மருந்தான கொய்னா தரும் சிங்கோனா: 1860 வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தலைமையில் ஆண்டிஸ் மலையிலிருந்து சேகரித்துக் கொண்டுவந்த நாற்றுகளும் விதைகளும்தான் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் கொய்னா தோட்டமாயின. பெரு அரசு முத்திரையில் இருக்கும் மரம் அதுதான்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் "கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். அவர்கள் கணக்கில் கார்னே என்பது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிதான். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் இல்லாமல். கீன்வா என்ற தானியத்தின் சூப் சைவம்போலத் தெரியும், கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், கேளுங்கள். சோறு, உருளைக்கிழங்கு, சோளம், அவகாடோ எங்கும் உண்டு. நம் சந்தையில் விற்கும் மரத்தக்காளியின் பூர்வீகமும் அங்கேதான், சாறாகக் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்.

நேரமே இல்லை, கடலோரத்திலேயே பழைய இடம் ஏதும் உண்டா?

லிமா நகருக்கு நடுவில் ஊவாக்கா புக்யானா, மண் செங்கல்லைப் புத்தகம்போல நிறுத்தி அடுக்கிய கோபுரம். தெற்கே ஒரு மணி நேரத்தில் பச்சகாமாக். கப்பல் வடக்கே சலவெரி துறைமுகத்தில் நின்றால் சான் சான் மண் நகரம். அரை நாள் போதும். மூன்றிலும் மூச்சு வாங்காது, மாத்திரை வேண்டாம், கப்பலும் தப்பாது. மூன்று நாள் ஓட்டத்தைத் தாங்காத வயதில் இருப்பவர்களுக்கு இவையே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

அங்கே விதவிதமான உருளைக்கிழங்கு இருக்கிறதாம். விதைக்கு நான்கு கொண்டுவரலாமா?

கூடவே கூடாது. ஊதா, கறுப்பு, சிவப்பு என்று குஸ்கோ சந்தையில் பார்க்கும்போது கை நீளத்தான் செய்யும். ஆனால் 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்த, உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழுவின் தாயகமும் அதே ஆண்டிஸ் மலைதான். ஊசிமுனை அளவு முட்டைக்கூடு, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டை, மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். அதனால்தான் நம் கிழங்கை வெளிமாநிலத்துக்கு விதையாக அனுப்பத் தடை வந்தது. அனுமதி இல்லாமல் கிழங்கோ செடியோ மண்ணோ கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம். வயலுக்குள் நடந்திருந்தால் ஒயான்தைதாம்போவிலேயே செருப்பின் அடி மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள்; அதே செருப்போடுதானே ஊரில் தோட்டத்துக்குள் இறங்குவீர்கள்.